தொக்கம் எடுத்த வயிறு

அன்று நான் சத்தியம் செய்து கொடுக்காமல் இருந்திருந்தால், ரேவதி அதை என்னிடம் சொல்லியிருப்பாளா?

இரண்டு ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடுதான் பேருந்தில் ஏறி இறங்குகிறேன். திருவொற்றியூரிலிருந்து வேலைக்கு வரும் வழியில் சில நாள் 'சொல்லியிருப்பாள்' என்று தோன்றும். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து மாட்டிக்கொள்ளும் நாட்களில் யோசிக்க இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்போது 'சொல்லியிருக்கவே மாட்டாள்' என்று தோன்றும். இரண்டில் எது சரி என்பதைப் பொறுத்து உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் மாறிவிடுகிறது. பதில் தெரிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இனித் தள்ளிப்போட முடியாது.

குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் ஏழு ஆண்டுகள் இருந்தேன். இந்த மாதம் என்னை, சிகிச்சை முடிந்த குழந்தைகள் மறுபரிசோதனைக்கு வரும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னார். மருந்தளவு, கட்டுப் போடுவது, குழாய் அடைத்தால் என்ன செய்வது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அதில் இப்போதுதான் பரீட்சை எழுதி வந்த உங்களுக்கு என்னைவிட அதிகம் நினைவிருக்கும். நான் எழுதப்போவது ஒரே ஒரு குழந்தையைப் பற்றி. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சிறுநீரகத்தில் புற்றுக்கட்டியோடு வரும் குழந்தைகளை முதலில் பார்க்கும்போது நோயாளி என்றே நம்ப மாட்டீர்கள். வார்டு முழுக்க ஓடுவார்கள். பிஸ்கட் கேட்பார்கள். பெரும்பாலும் அம்மாதான் கண்டுபிடித்திருப்பாள். குளிப்பாட்டும்போது சோப்பு போட்ட கையில் ஒரு பக்கம் கெட்டியாகத் தட்டுப்பட்டிருக்கும், அல்லது போன மாதம் சரியாக இருந்த பாவாடை நாடா இந்த மாதம் எட்டாமல் போயிருக்கும். குழந்தை சேர்ந்த அன்றே கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை கட்டுகிறோம். 'வயிற்றைத் தொடாதீர்கள்.' நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்த அட்டையின் அர்த்தம் எனக்கு என் முதல் ஆண்டில்தான் புரிந்தது. மருத்துவ மாணவர்கள் வரிசையாக வந்து ஒரு குழந்தையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிக்கிற பிள்ளைகள்தானே என்று நான் தடுக்கவில்லை. அட்டை கட்டிலில்தான் தொங்கியது. நான்காவது மாணவர் கையை நீட்டும்போது எங்கள் யூனிட்டின் தலைமை மருத்துவர் உள்ளே வந்தார். அந்த அம்மாவை எல்லோரும் சீஃப் என்போம். அவர் மாணவர்களை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், முட்ட உரிக்கும்போது ஓட்டுக்கு உள்ள வெள்ளையா ஒரு ஜவ்வு வருமே, இந்தக் கட்டி மேல அந்த மாதிரிதான் ஒரு தோல் இருக்கு. அது கிழியாம கட்டி முழுசா வெளிய வந்துட்டா பெரிய கண்டம் தாண்டின மாதிரி. கிழிஞ்சு வயித்துக்குள்ள சிந்திடுச்சுன்னா கதிர்வீச்சு வைக்கணும், மருந்தக் கூட்டணும். வளர்ற கொழந்த, எலும்பெல்லாம் பாதிக்கும். நான் தியேட்டர்ல ஜாக்கிரதையா இருந்தாப் போதாது. வார்டுல நீங்கதான் இருக்கீங்க."

அதற்குப் பிறகு ஒருவரையும் கை வைக்க விட்டதில்லை. வார்டில் மட்டும். வீட்டை நான் யோசிக்கவே இல்லை.

பவிக்கு அப்போது நான்கு வயது. காத்திவாக்கம் பக்கத்தில் ஒரு குப்பத்திலிருந்து வந்தாள். இடது சிறுநீரகத்தில் கட்டி. அப்பா விசைப்படகில் வேலை செய்பவர், போனால் பத்து நாள் கடலிலேயே தங்கிவிடுவார். அதனால் பவியோடு எப்போதும் வருவது இரண்டு பெண்கள். ஒருத்தி அம்மா ரேவதி. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். நாம் கொடுக்கும் ஒவ்வொரு தாளையும் வாசித்து, மடித்து, பிளாஸ்டிக் உறையில் வைப்பாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். இன்னொருவர் ரேவதியின் கணவருக்கு அக்கா, கஸ்தூரி. முகத்துவாரத்தில் எறா பிடித்து விற்பவர். ரேவதி அவரை அண்ணி என்பாள், நாங்கள் கஸ்தூரியம்மா என்போம். அவர் வார்டுக்கு வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். கீழே செக்யூரிட்டியோடு சண்டை கேட்கும்.

"பாஸு பாஸுன்னு உயிர எடுக்காத நைனா. நான் தூக்குல சோறு எடுத்தாந்துகீறேன். சோத்துக்கு ஒரு பாஸ், எனக்கு ஒரு பாஸா?"

முதலில் சில வாரம் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்குவது, பிறகு அறுவை சிகிச்சை என்று திட்டம். மருந்து ஏற்றிய நாட்களில் பவி சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, "எண்ணூரு, எண்ணூரு, ஏறு ஏறு" என்று ஷேர் ஆட்டோ ஓட்டுவாள். கட்டி நன்றாகவே சுருங்கியது. ஒவ்வொரு முறை வீட்டுக்கு அனுப்பும்போதும் ரேவதியிடம் நான் தவறாமல் சொன்னேன். "வயித்த யாரும் அமுக்கக் கூடாது, கீழ விழாம பாத்துக்கோ." அவளும் தவறாமல் தலையாட்டினாள்.

ஒரு சனிக்கிழமை கடைசியாக ரத்தமும் ஸ்கேனும் எடுத்தோம். எல்லாம் நன்றாக இருந்தது. செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார்கள். வியாழன் காலை அறுவை சிகிச்சை.

புதன்கிழமை மதியம் நாடி பார்க்கப் போனேன். பவி ஆட்டோ ஓட்டவில்லை. கட்டிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் படுத்திருந்தாள். நாடி வேகமாக இருந்தது. கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன், வெளுத்திருப்பதுபோல் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அப்படிக் காட்டுகிறதோ என்றும் இருந்தது. எனக்கு இந்தப் பழக்கம் உண்டு. வீட்டில் என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அவளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் வயிற்றின் இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பேன். இருக்கிற மாதிரி இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். அதனால் என் கண்ணையே நான் சந்தேகப்பட்டேன். தாளில் எழுதி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். இப்படிச் செய்யாதீர்கள். சந்தேகம் வந்த இடத்தில் நின்று இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தப்பாக இருந்தால் இரண்டு நாள் கேலி செய்வார்கள், அவ்வளவுதான்.

நாலு மணிக்கு, கை கழுவும் தொட்டி பக்கத்தில் ரேவதி நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான் நிற்கிறாள் என்று கிட்டே போன பிறகுதான் தெரிந்தது.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும். யாராண்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். சொல்லும்மா."

"அப்டி இல்ல. உங்க பொண்ணு மேல சத்தியம் பண்ணுங்க."

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் அம்மாக்கள் நம்மிடம் மறைப்பது என்னவென்று உங்களுக்கே சீக்கிரம் தெரிந்துவிடும். அரைஞாணில் தாயத்து முடிந்திருப்பார்கள். விபூதியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருப்பார்கள். மாதா கோயில் எண்ணெயைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார்கள். அப்படி ஏதோ என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் கட்டிலில் சலைன் தீரப்போகிறது. அவசரத்தில் அவள் நீட்டிய உள்ளங்கையில் என் கையை வைத்தேன்.

"என் பொண்ணு மேல சத்தியம். சொல்லு."

"நாயித்துக்கெழம அண்ணி பாப்பாவுக்குத் தொக்கம் எடுக்க இட்டுகினு போயிட்டாங்க."

நம் பகுதியில் வளர்ந்தவர்களுக்குத் தொக்கம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கும் உங்கள் இருவருக்காகச் சொல்கிறேன். குழந்தை சாப்பிடாமல் இருந்தால், வாந்தி எடுத்தால், சாப்பிட்டது உள்ளே எங்கோ சிக்கிக்கொண்டது என்று, வயிற்றில் எண்ணெய் வைத்து உருவி உருவி எடுப்பார்கள். எனக்கும் எடுத்திருக்கிறார்கள். எடுத்து முடித்ததும் பசித்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

"நீ எங்க போயிருந்த?" என்று கேட்டேன்.

"தண்ணி லாரி வந்துச்சுன்னு கொடம் எடுத்துகினு போனேன் சிஸ்டர். வந்து பாத்தா வயிறு பூரா வெளக்கெண்ண. மருந்து ஏத்துனதுல இருந்து சோறே துன்லன்னு அண்ணிக்கு வருத்தம். மறுநாளு ஒண்ணுக்கு காபித்தண்ணி கலர்ல போச்சு. அப்பால சரியாப் பூட்ச்சு. நேத்துலேர்ந்து கொளந்த வலிக்குது வலிக்குதுங்குது. சொல்ட்டா ஆபரேசன நிறுத்திடுவாங்களோன்னு…"

"இத டாக்டர் கிட்ட சொல்லியே ஆகணும் ரேவதி."

"சத்தியம் பண்ணீங்க" என்றாள். கோபமாக அல்ல. நினைவுபடுத்துவதுபோல. "அவரு கடல்ல கீறாரு. போனே போவாது. அண்ணி இல்லாங்காட்டி நான் ஒண்டி. ரத்தம் குடுத்தது அவங்க. மூணு வேளையும் சோறாக்கி எடுத்தாறது அவங்க. அவங்கள மாட்டி வுட்டேன்னு ஆவக்கூடாது சிஸ்டர். நீங்களே எப்டியாச்சும் பாத்துக்கோங்க."

நீங்களே எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள். இதை எத்தனையோ பேர் நம்மிடம் சொல்வார்கள். அன்று நான் அதையே பிடித்துக்கொண்டேன். சத்தியத்தையும் காப்பாற்றி, குழந்தையையும் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது என்று நினைத்தேன். மேற்படிப்புப் படிக்கும் பி.ஜி. டாக்டரிடம் போய், "பவிக்கு நாடி வேகமா இருக்கு, வெளுத்த மாதிரி இருக்கு, ரத்தம் இன்னொரு தடவ பாத்துடலாமா?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமதானே சிஸ்டர் எல்லாம் பாத்தோம்? நாளைக்கு ஆபரேஷன்னு எல்லாரும் பேசறதக் கேட்டு பயந்திருக்கும். சாயங்காலம் ரவுண்ட்ஸ்ல பாக்கறேன்."

அவர் மேல் தவறில்லை. நான் கொடுத்த பாதிச் செய்திக்கு அதுதான் சரியான பதில். கட்டி உள்ள வயிற்றை ஒருவர் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார் என்ற மீதிப் பாதியை நான் வாய்க்குள் வைத்திருந்தேன்.

துணி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் மகள் மேல் சத்தியம் செய்து கொடுத்த உள்ளங்கை இன்னும் ஈரமாக இருந்தது. நான் படித்தவள். சத்தியத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், 'ஆகிவிட்டால்?' என்று ஒரு குரல். அதற்கு மேலே இன்னொரு குரல். நாளை காலை சீஃப் ஒன்றும் தெரியாமல் அந்த வயிற்றைத் திறப்பார். எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே வீங்கியிருக்கிறது என்று தெரியாமல் கை வைப்பார். முட்டை ஜவ்வு. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிற்பாடு தாளில் எழுதியிருந்த நேரங்களைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் இருபத்தைந்து நிமிடம் வீணாக்கியிருக்கிறேன்.

அறுவை அரங்கின் வாசலில் சீஃப் ஒரு கேஸ் முடித்து வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தக் கிழம? எவ்வளவு நேரம் உருவினாங்க? எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழம, அது மட்டும்தான் தெரியும் மேடம். அம்மா கூட இல்ல. பாப்பாவோட அத்ததான் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"அப்ப அத்தையத்தான் கேக்கணும்."

"மேடம், அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான்…"

"அத அப்புறம் பேசலாம். முதல்ல ஸ்கேன்."

அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. அவருக்கு மறந்திருக்கும்.

ஸ்கேனில் கட்டிக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. ஒரு பக்கம் தோல் உப்பி மெலிந்திருந்தது. வயிற்றுக்குள் எதுவும் சிந்தியதாகத் தெரியவில்லை. ரத்த அளவு குறைந்திருந்தது. சீஃப் படத்தைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கே எடுத்துடலாம், தள்ளிப்போட்டா தானாவே வெடிச்சுடும்" என்றார். பிறகு நேராகப் பவியின் கட்டிலுக்கு நடந்தார். கஸ்தூரியம்மா அப்போதுதான் தூக்கைத் திறந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ரேவதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழம பாப்பாவுக்குத் தொக்கம் எடுத்தீங்களாமே?" என்றார் சீஃப்.

ரேவதி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கஸ்தூரியம்மா பிசைந்த கையோடு எழுந்தார். கோபம் முதலில் ரேவதி மேல்தான் போனது.

"நீதான் போட்டுக் குடுத்தியா? கொளந்த நாலு நாளா ஒரு வாய் சோறு துன்லியே, நீ இன்னா பண்ண? பேப்பர பட்ச்சிகினு குந்தினு இருந்த. நான் பெத்த வயிறு இல்லதான், ஆனா எனக்கும் பத்திக்கினு எரியாதா?" பிறகு சீஃப் பக்கம் திரும்பினார். "இப்போ இன்னான்ற டாக்டரம்மா? என்னப் போலீசுல குடுக்கப்போறியா?"

"போலீஸ் எதுக்கும்மா? எனக்கு உங்க கை வேணும்."

கஸ்தூரியம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

சீஃப் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு தலையணையை எடுத்துப் பவியின் காலடியில் நீளவாக்கில் வைத்தார். "இது கொழந்த. இது தலை, இது கால். அங்க என்ன செஞ்சாங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க. எந்தக் கை, எங்க ஆரம்பிச்சாங்க, எங்க அழுத்தினாங்க. திட்ட மாட்டேன். அன்னிக்கு அங்க இருந்தது நீங்க ஒருத்தர்தான். உங்களத் தவிர எனக்கு வேற யாராலயும் சொல்ல முடியாது."

கஸ்தூரியம்மா கையைப் புடவையில் துடைத்தார். பிறகு குனிந்து, மேலிருந்து கீழாக நாலு தடவை உருவினார். நிறுத்தினார். "இங்க வந்தவொடனே கொளந்த கத்துச்சு. அந்தம்மா, 'தோ இங்கதான் சிக்கினுகீது'ன்னு கட்ட வெரல வெச்சு நல்லா அமுக்குச்சு" என்று இடது பக்கம் கீழே கட்டைவிரலை வைத்தார். தலையணை குழிந்தது. வைத்த விரலை அவரே படக்கென்று எடுத்துக்கொண்டார்.

"எத்தன தபா?" சீஃப் அவர் பேச்சிலேயே கேட்டார்.

"மூணு. மூணாவது தபா நான் கைய புட்ச்சிகினேன். போதும் வுடுன்னு சொல்ட்டேன்."

"நல்ல வேல செஞ்சீங்க" என்றார் சீஃப்.

அந்த மூன்று சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நானாக இருந்தால் அந்த இடத்தில் கஸ்தூரியம்மாவுக்கு அறிவுரை சொல்லியிருப்பேன். படித்துப் படித்துச் சொன்னோமே என்று சொல்லியிருப்பேன். அவர் வாயை மூடியிருப்பார், அந்தக் கட்டைவிரல் இருந்த இடம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

வியாழன் காலை பவியை உள்ளே அனுப்பினோம். எனக்கு அன்று வார்டில்தான் வேலை. அரங்கின் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். கஸ்தூரியம்மா படிக்கட்டில் உட்கார்ந்து யாரோடும் சண்டை போடாமல் இருந்தார். செக்யூரிட்டியே வந்து, "இன்னாம்மா, சாப்டியா?" என்று கேட்டார். ரேவதி அவரிடமிருந்து நாலு படி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மதியம் ஆகும்போது பார்த்தேன், நாலு படி ஒரு படியாகியிருந்தது.

சீஃப் வெளியே வந்து இருவரையும் உள்வாசலுக்குக் கூப்பிட்டார். தட்டில் கட்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள். நான் ரேவதிக்குப் பின்னால் நின்றேன். கட்டி முழுசாக இருந்தது. ஒரு பக்கம் கருநீலமாக உப்பியிருந்தது.

"அத்தை காட்டின அதே எடம்" என்றார் சீஃப். "வழக்கமா நான் அங்கதான் கை குடுத்துத் தூக்குவேன். இன்னிக்கு அந்தப் பக்கமே போகல. கீறல கொஞ்சம் பெருசாப் போட்டு, சுத்தி வந்து எடுத்தோம்."

கஸ்தூரியம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தையா தொக்கம்னு நென்ச்சேன்" என்றார். பிறகு ரேவதியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். ரேவதி அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்து வந்த நாட்கள் என்னைத் தவிர எல்லோருக்கும் நிம்மதி. மூன்றாம் நாள் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நான் செய்ததை உங்களிடம் மறைக்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் வரைக்கும் போனேன். என் கணவர் சரக்குப் பெட்டக முனையத்தில் கிரேன் ஓட்டுகிறார், எதற்கும் அசையாத மனிதர். "தெருவுல எல்லா கொளந்தைக்கும் காச்ச கீது. அதுங்க அம்மாங்கள்லாம் சத்தியம் பண்ணாங்களா?" என்று கேட்டார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அவள் எழுந்து என்னிடம் மாம்பழ ஜூஸ் கேட்டாள். அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நான் கொஞ்சம் அழுதேன்.

பத்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. கட்டியின் தோல் எங்கும் கிழிந்திருக்கவில்லை. கதிர் தேவையில்லை, மருந்து மட்டும் தொடர்ந்தால் போதும் என்று சீஃப் சொன்னார்.

அதன் பிறகு பல மாதம் மருந்துக்கு வந்தார்கள். ரேவதி என்னிடம் பேசவில்லை. நான் ஊசியோடு போனால், "அந்த சிஸ்டர் போடட்டும்" என்று சன்னமாகச் சொல்வாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நம்பிச் சொன்னவளை இரண்டு மணி நேரத்துக்குள் எல்லோர் முன்பும் நிறுத்தியவள் நான். இன்னொன்றும் உறுத்தியது. ஒவ்வொரு முறையும் "யாரும் அமுக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினேனே தவிர, தொக்கம் எடுக்கக் கூடாது, குடல் தட்டக் கூடாது, எண்ணெய் போட்டு உருவக் கூடாது என்று ஒரு நாளும் பெயர் சொல்லிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா? எனக்கே எடுத்திருக்கிறார்களே. வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டதும் அதெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. இப்போது வீட்டுக்கு அனுப்பும் தாளில் அந்தச் சொற்களை அப்படியே சேர்த்திருக்கிறோம். நீங்கள் தாளைக் கொடுத்தால் மட்டும் போதாது. வீட்டில் சோறு ஊட்டுவது யார் என்று கேட்டு, அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாயால் சொல்லுங்கள்.

கஸ்தூரியம்மா என்னோடு முன்பைவிட அதிகம் பேசினார். தொக்கம் எடுக்கும் அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். "பேஜாரு பண்ணிட்டேன் சிஸ்டர். 'ஒரு பக்கமா கெட்டியா கீற வயித்துல கைய வெச்சே, நானே உன்ன இஸ்துகினு போயி அந்த டாக்டரம்மா முன்னாடி நிறுத்துவேன்'னு சொல்ட்டேன்." அந்த அம்மா முதலில் திட்டியிருக்கிறார். ஆனால் ஒரு மாதம் கழித்து, குப்பத்திலிருந்து ஒரு குழந்தையை, "வயிறு கல்லு மாதிரி கீது, நான் கை வெக்கல" என்று சொல்லிக் கஸ்தூரியம்மாவோடு அனுப்பிவைத்தார். பார்த்தால் வெறும் மலச்சிக்கல். வார்டில் எல்லோரும் சிரித்தோம். சீஃப் சிரிக்கவில்லை. "பத்துக் கொழந்த இப்படி வரட்டும். கை வைக்காம அனுப்பினாங்க பாருங்க" என்றார். கஸ்தூரியம்மா செக்யூரிட்டியிடம் போய், "பாத்தியா நைனா, நானே ஒரு டாக்டரு, எனக்கு இன்னாத்துக்குப் பாஸு?" என்று கேட்டது மாடி வரைக்கும் கேட்டது.

சென்ற வாரம் பவி மறுபரிசோதனைக்கு வந்தாள். ஒன்றாம் வகுப்பு. முன் பல் இரண்டு இல்லை. ஸ்கேன் சுத்தமாக இருந்தது. எனக்கு அந்தப் பிரிவில் மூன்றாவது நாள். ரேவதி தாள்களை உறையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். இரண்டு ஆண்டுகளில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"உங்க பொண்ணு நல்லா கீறாளா சிஸ்டர்?"

"நல்லா இருக்கா. பள்ளிக்கூடம் போறா."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "நான்தான உங்கள சத்தியம் பண்ண வெச்சேன். ஏதாச்சும் ஆயிருந்தா நான்தான காரணம்? தெனம் கேக்கணும்னு நெனப்பேன். நல்லா இல்லன்னு சொல்ட்டீங்கன்னா இன்னா பண்றதுன்னு பயம். அதான் உங்க மூஞ்சியே பாக்காம போயிகினு இருந்தேன்."

நான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் இத்தனை நாள் ஒரே பயத்தைத்தான் ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டிருந்தோம். கேட்டுவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது.

"ரேவதி, அன்னிக்கு நான் சத்தியம் பண்ணாம இருந்திருந்தா சொல்லியிருப்பியா?"

பவி என் மேசையில் இருந்த ஸ்டாம்ப்பை எடுத்துத் தன் கையில் குத்திக்கொண்டிருந்தாள்.

"தெர்ல சிஸ்டர்" என்றாள் ரேவதி. "பொய் சொல்லக் கூடாது. மெய்யாலுமே தெர்ல."

அவளுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? அன்று நான் கொடுத்தது காப்பாற்ற முடியாத வாக்கு. அதைக் கொடுத்ததால்தான் செய்தி வந்திருக்கலாம். அப்படியானால் உங்களையும் கொடுக்கச் சொல்ல வேண்டுமா? கொடுத்துவிட்டு உடைக்கச் சொல்ல வேண்டுமா? கேட்பதற்கு முன்பே வாக்குக் கொடுக்காதே என்று நான் உங்களுக்கு எழுதினால் பார்க்க அழகாக இருக்கும். அப்படி எழுதியதை நம்பி நடக்கும் ஒருத்தியிடம், நாளை ஒரு தாய் வாயைத் திறக்காமலே திரும்பிப் போய்விட்டால்?

நேற்று முன்தினம் இதே பிரிவில் இன்னொரு பெண், கைக்குழந்தையை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, "ஒண்ணு சொல்லணும் சிஸ்டர், யாராண்டயும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றேன். உட்கார்ந்தாள். அவளாகவே சொன்னாள். அது சின்ன விஷயம், மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறாள். பெரிய விஷயமாக இருந்திருந்தால் ஒரு நாற்காலி போதுமா?

பொய்யாகவும் இருக்கக் கூடாது, பயந்து வந்தவளைத் திருப்பி அனுப்பவும் கூடாது. அந்த நேரத்தில் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். என்னால் ஏழு ஆண்டுகளில் கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்கள் நான்கு பேரும் நான்கு வீடுகளிலிருந்து வருகிறீர்கள். உங்கள் அம்மா உங்களிடம் எப்போது, எதைக் கேட்டு மனம் திறந்தார் என்று யோசித்துப் பாருங்கள். மறுபரிசோதனைப் பிரிவில் மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. நீங்களாக இருந்தால் ரேவதியிடம் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று வந்து சொல்லுங்கள்.